உரிமையும் ஒழுங்குமுறையும்: மக்களைப் பிளக்கும் கேள்விகளில் வாதிடும் முறை

தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா, துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்யலாமா, வெறுப்புப் பேச்சுக்குத் தண்டனை வேண்டுமா, கருக்கலைப்பில் சட்டம் தலையிடலாமா என்ற கேள்விகளில் எதை எடுத்துக்கொண்டாலும், விவாதம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு பக்கம் "சுதந்திரம்" என்றும் மறுபக்கம் "பொதுநலம்" என்றும் இரண்டு பெரிய சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த நிலைக்கு வந்தபின் எவரும் எவரையும் அசைக்க முடியாது. சுதந்திரம் வேண்டாம் என்பவரும் அந்த அவையில் இல்லை, பொதுநலம் வேண்டாம் என்பவரும் இல்லை. இளைஞர்களுக்கு வாதப் பயிற்சி அளித்துவரும் அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: இத்தகைய விவாதங்களின் உண்மையான முடிச்சு, முன்வைக்கப்படும் குறிப்பிட்ட நடவடிக்கை அதன் நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டுகிறதா என்ற இடத்தில் இருக்கிறது. விவாதத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி என்பதையே கீழே விளக்குகிறேன்.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள்

"தனிமனித உரிமையில் அரசு தலையிடலாமா?" என்ற தலைப்பில் யாரும் உருப்படியாக வாதிட முடியாது. யாரை, எதைச் செய்யும்படி அல்லது செய்யாதிருக்கும்படி அரசு சொல்கிறது, மீறினால் என்ன நேரும் என்ற மூன்றும் தெளிவாகும் வரை தலைப்பைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும். இவற்றுள் மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. என் பார்வையில் அதுவே மிகவும் முக்கியமானது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1902-ஆம் ஆண்டு பெரியம்மை பரவியபோது, வயது வந்தோர் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று நகரச் சுகாதார வாரியம் ஆணையிட்டது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற மதபோதகர், சிறுவயதில் அம்மை குத்தியதால் தமக்கு உண்டான துன்பத்தைச் சொல்லி மறுத்தார். அவருக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1905-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராக முடிந்தது. "கட்டாயத் தடுப்பூசி செல்லும் என்று அப்போதே தீர்ப்பாகிவிட்டது" என்று இவ்வழக்கை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே யாரும் ஒரு மனிதரைப் பிடித்து நிறுத்தி ஊசி குத்தவில்லை. மறுத்தவர் ஓர் அபராதத்தைச் செலுத்த வேண்டும் என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த சட்டம். அபராதம் ஒரு கேள்வி. வேலையிழப்பு வேறொரு கேள்வி. உடலைப் பலவந்தமாகத் தொடுவது முற்றிலும் வேறான கேள்வி. மூன்றையும் "கட்டாயம்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்து விவாதித்தால், ஒருவர் அபராதத்தை ஆதரித்துப் பேசுவார், எதிரில் இருப்பவர் பலவந்தத்தை மறுத்துப் பேசுவார், இருவரும் சந்திக்கவே மாட்டார்கள்.

இதேபோல் ஒழுங்குமுறை என்பதும் ஒரே பொருளன்று. மக்களுக்குத் தகவல் தருவது, பொருளின் மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிடச் செய்வது, வரி விதிப்பது, வயது வரம்பு வைப்பது, உரிமம் கேட்பது, இடத்தையும் நேரத்தையும் வரையறுப்பது, அபராதம் விதிப்பது, பறிமுதல் செய்வது, சிறையில் அடைப்பது என்று அது படிப்படியாக ஏறிச் செல்கிறது. நீங்கள் எந்தப் படியில் நின்று பேசுகிறீர்கள் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். "நீங்கள் எதிர்ப்பது உரிமம் கேட்பதையா, முழுத் தடையையா?" என்ற ஒரே கேள்வி பாதி விவாதத்தை முடித்துவைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த உரிமை என்று பெயர் சொல்லுங்கள்

"என் உரிமை" என்று தொடங்கும் வாதம் அடுத்த வாக்கியத்திலேயே அது எந்த உரிமை என்று சொல்லியாக வேண்டும். எல்லா உரிமைகளும் ஒரே உறுதியோடு காக்கப்படுவதில்லை. 1966-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி, சித்திரவதைக்கும் அடிமைத்தனத்துக்கும் ஆளாகாதிருக்கும் உரிமையை நெருக்கடி நிலையிலும் எந்த அரசும் நிறுத்திவைக்க முடியாது. நாட்டுக்குள் நடமாடும் உரிமை அப்படிப்பட்டதன்று. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தின் வழியே அதைக் கட்டுப்படுத்தலாம். சமய உரிமையில் இந்த வேறுபாடு ஒரே உரிமைக்குள்ளேயே இருக்கிறது: நம்புவதில் அரசு தலையிட முடியாது, நம்பிக்கையைச் செயலில் வெளிப்படுத்துவதற்கு வரையறை விதிக்க இடம் உண்டு. ஆகவே ஒரு சடங்கைத் தடைசெய்யும் சட்டத்தை எதிர்ப்பவர் "என் நம்பிக்கையில் கைவைக்கிறார்கள்" என்று தொடங்கினால், எதிர்த்தரப்பு அந்த வேறுபாட்டைச் சொல்லியே அவரை வலுவிழக்கச் செய்துவிடும். அவர் தொடங்க வேண்டிய இடம், அந்தச் செயலைக் கட்டுப்படுத்த அரசு காட்டும் காரணம் போதுமானதா என்பதே.

உரிமை ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது என்று கொள்வதும் தவறு. 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அயர்லாந்து, மதுக்கூடங்கள் உட்பட மூடிய பணியிடங்கள் அனைத்திலும் புகைபிடிப்பதைத் தடைசெய்தபோது, புகைபிடிப்பவரின் சுதந்திரம் பறிபோகிறது என்ற குரல் எழுந்தது. அச்சட்டத்தை ஆதரித்தவர்கள் பொதுநலம் என்ற மங்கலான சொல்லை மட்டும் நம்பியிருக்கவில்லை. நாள் முழுவதும் பிறர் விடும் புகையைச் சுவாசித்தபடி அங்கே வேலை செய்யும் பணியாளரின் உடல்நலத்தை முன்னே நிறுத்தினார்கள். அதன்பின் அது இரண்டு மனிதர்களின் உரிமைகளுக்கு இடையிலான கேள்வியாயிற்று. ஒழுங்குமுறையை ஆதரித்துப் பேச நேர்ந்தால், அதனால் காக்கப்படும் மனிதர் யார் என்று முகம் காட்டிச் சொல்லுங்கள். அப்படி ஒருவரைக் காட்ட முடியவில்லை என்றால், உங்கள் தரப்பு நீங்கள் நினைத்ததைவிடப் பலவீனமானது என்பதற்கு அதுவே அறிகுறி. உரிமைத் தரப்பில் இருப்பவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது: அரசு ஒதுங்கி நிற்கும் இடம் தானாகவே சுதந்திரமான இடமாகிவிடாது, முதலாளியோ நிலவுரிமையாளரோ பெரும்பான்மைக் கூட்டமோ அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

தீங்கு என்றால் எது தீங்கு

ஒருவரது விருப்பத்துக்கு மாறாக அவரைக் கட்டுப்படுத்துவதற்குரிய ஒரே நியாயம் பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதுதான் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதினார். இந்தக் கொள்கையை மேற்கோள் காட்டுவோர் பலர். அதைத் தெளிவாக்க அவர் தந்த எடுத்துக்காட்டுகளைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர். அவற்றில் இரண்டு விவாத அரங்கில் பெரிதும் உதவும்.

முதலாவது, தானிய வணிகரைப் பற்றியது. தானிய வணிகர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்ற கருத்து அச்சில் உலவும்போது அதைத் தொடக்கூடாது. அதே கருத்தை, ஒரு வணிகரின் வீட்டு வாசலில் கொதித்துத் திரண்டு நிற்கும் கூட்டத்தின் முன் உரக்கச் சொன்னால் தண்டிக்கலாம் என்றார் மில். சொல் ஒன்றே, அது சொல்லப்படும் சூழல்தான் மாறியது. பேச்சுரிமை பற்றிய விவாதத்தில் "இப்படிப் பேசலாமா, கூடாதா?" என்ற கேள்வியை "எங்கே, யார் முன்னே, எதற்கு எவ்வளவு நெருக்கத்தில்?" என்று மாற்றிக்கொள்ள இது கற்றுத்தருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-இல், சட்டவிரோதச் செயலை உடனடியாக நிகழ்த்தத் தூண்டுவதும் அது நிகழ வாய்ப்புள்ளதுமான பேச்சை மட்டுமே தண்டிக்கலாம் என்று வகுத்ததும், இந்திய உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒரு கருத்தை விவாதிப்பதையும் அதற்காகப் பரிந்து பேசுவதையும் வன்செயலுக்குத் தூண்டுவதிலிருந்து பிரித்துக் காட்டியதும் ஏறத்தாழ இதே திசையில்தான்.

இரண்டாவது, பாலத்தைப் பற்றியது. இடிந்துவிழும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவர் ஏறப்போகிறார். எச்சரிக்கை சொல்ல நேரமில்லை. அவரைப் பிடித்து இழுக்கலாம், ஏனெனில் ஆற்றில் விழுவது அவர் விருப்பமன்று. ஆனால் ஆபத்து நிச்சயமானதாக இல்லாமல், அதை அவர் அறிந்தும் ஏறத் துணிந்தால், எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் செயல்களைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இந்தப் பாலத்தின் மேல்தான் நடக்கின்றன. அந்த மனிதருக்கு ஆபத்து தெரியுமா, தெரிந்துகொள்ளும் வயதும் நிலையும் அவருக்கு உண்டா, அவர் எடுக்கும் முடிவு அடிமைப்பழக்கத்தின் முடிவா, அவருடைய முடிவா என்று கேட்டால் வாதம் கூர்மைப்படும்.

தீங்கைச் சொல்லும்போது இரண்டு இடங்களில் வழுக்கிவிடாதீர்கள். ஒன்று, மனம் புண்படுவதைத் தீங்கு என்று எளிதில் எண்ணிவிடுவது. அரசையோ மக்களில் ஒரு பிரிவினரையோ புண்படுத்தும், அதிரவைக்கும், கலங்கவைக்கும் கருத்துகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976-இல் கூறியது. உரிமைத் தரப்பினர் விரும்பி எடுத்தாளும் வரி இது. ஆனால் ஒரு நூலைப் பற்றி எழுந்த அந்த வழக்கின் முடிவு, அதைப் பறிமுதல் செய்த பிரிட்டிஷ் அரசுக்குச் சாதகமாகவே அமைந்தது. நூல் பள்ளிச் சிறுவர்களுக்கானது என்பது அதில் எடை பெற்றது. தீர்ப்பின் ஒரு வரியை எடுத்தாளும் முன் அதன் முடிவையும் படித்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் படித்திருந்தால், உங்கள் மேற்கோள் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

மற்றொன்று, "அதன் செலவைச் சமூகம்தானே ஏற்கிறது" என்ற வாதம். விபத்தில் சிக்குபவரின் மருத்துவச் செலவு எல்லோர் மேலும் விழுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காரணம் ஒன்றே போதும் என்றால், மலையேறுவதையும், அளவுக்கு மீறி உண்பதையும், உடற்பயிற்சி செய்யாமல் இருப்பதையும் அதே காரணத்தால் தண்டிக்கலாம். இருக்கைப் பட்டையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-இல் முதன்முதலாகக் கொண்டுவந்தது. அத்தகைய சட்டத்துக்குச் செலவுக் கணக்கைவிட வலுவான காரணங்கள் உண்டு: பட்டை அணியாதவர் மோதலின்போது தூக்கியெறியப்பட்டு உடன் பயணிப்பவரைக் காயப்படுத்தலாம், பட்டை அணிவதால் பயணிப்பவர் இழக்கும் சுதந்திரமோ மிகச் சிறிது. காரணங்கள் பல இருக்கும்போது, எல்லைக்குள் நிற்கக்கூடிய காரணத்தைத் தேர்ந்தெடுப்பதே தேர்ந்த வாதியின் வேலை.

அளவைச் சோதிக்கும் நான்கு கேள்விகள்

இனிச் சொல்லப்போவது இம்முறையின் மையம். ஓர் உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏற்கத்தக்கதா என்று பார்க்கப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் விகிதாசாரச் சோதனை என்ற ஒரே வகை ஆய்வைக் கையாள்கின்றன. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1986-இல் ஓக்ஸ் வழக்கில் அதைத் தெளிவாக வகுத்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் அண்மைக்கால வழக்குகளில் இதைப் பின்பற்றுகிறது. நீதிமன்றத்துக்கு வெளியே, சாதாரண விவாத மேடையிலும் இது மிகச் சிறப்பாகப் பயன்படுகிறது. சட்டத்தின் நோக்கம் உண்மையிலேயே முக்கியமானதா? எடுக்கும் நடவடிக்கைக்கும் அந்த நோக்கத்துக்கும் அறிவுக்குப் பொருந்தும் தொடர்பு உண்டா? அதே நோக்கத்தை, உரிமையை இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வேறு வழியில் அடைய முடியாதா? இறுதியாக, கிடைக்கும் நன்மை ஏற்படும் இழப்புக்கு ஈடாகிறதா?

ஓக்ஸ் வழக்கில் நடந்ததைப் பாருங்கள். ஒருவரிடம் போதைப்பொருள் இருந்தது நிறுவப்பட்டாலே, அதை விற்பதற்காகவே வைத்திருந்தார் என்று சட்டம் கருதிக்கொள்ளும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். போதைப்பொருள் வணிகத்தை ஒடுக்கும் நோக்கம் முக்கியமானது என்பதை நீதிமன்றம் தயங்காமல் ஏற்றது. சட்டம் வீழ்ந்தது இரண்டாம் கேள்வியில்: மிகச் சிறிய அளவு வைத்திருப்பதிலிருந்து விற்கும் எண்ணத்தை ஊகிப்பது அறிவுக்குப் பொருந்தவில்லை. உரிமைத் தரப்பில் பேசுவோர் இதிலிருந்து கற்க வேண்டியது, அரசின் நோக்கத்தைத் தாக்குவதில் நேரத்தைச் செலவிடாமல் இருப்பது. "நோக்கம் நல்லது, ஏற்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு நடவடிக்கையின் மேல் முழுக் கவனத்தையும் வையுங்கள். அவை உங்களை நம்பத் தொடங்கும். எதிர்த்தரப்பு நோக்கத்தின் பெருமையைப் பாடித் தப்பிக்கும் வழியும் அடைபடும்.

பெரும்பாலான விவாதங்களின் வெற்றி தோல்வி மூன்றாம் கேள்வியில் தீர்மானமாகிறது. ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில், ஒரு பகுதிக்குத் தேவை இருந்தால்தான் புதிய மருந்தகம் திறக்க உரிமம் கிடைக்கும் என்ற சட்டம் இருந்தது. மருந்தகங்கள் பெருகினால் போட்டியில் விதிகள் தளர்ந்து, மருந்துகள் கட்டுப்பாடின்றி விற்கப்படும், மக்கள் நலம் கெடும் என்பது அரசின் வாதம். 1958-இல் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம், மக்கள் நலத்தின் முக்கியத்துவத்தை முழுமையாக ஒப்புக்கொண்டபின், தகுதியுள்ள ஒருவர் அந்தத் தொழிலுக்குள் நுழைவதையே தடுக்காமல், தொழில் நடத்தப்படும் விதத்தைக் கட்டுப்படுத்தியே அந்த ஆபத்தைத் தவிர்க்கலாம் என்று கூறிச் சட்டத்தைச் செல்லாதாக்கியது.

உரிமைத் தரப்பில் நிற்பவர் இதைப் போல மாற்று வழி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே அவைக்குச் செல்ல வேண்டும். "தடை வேண்டாம்" என்று மட்டும் சொல்பவர், பிரச்சினையே இல்லை என்று சொல்பவராகக் கேட்போருக்குத் தோன்றுவார். "தடைக்குப் பதில் உரிமமும் ஆண்டாய்வும் போதும், ஏனெனில்..." என்று தொடங்குபவர் எதிர்த்தரப்பைப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுகிறார். அரசுத் தரப்பில் நிற்பவர் செய்ய வேண்டியது இதற்கு நேரெதிரான வேலை: குறைந்த கட்டுப்பாடு முயன்று பார்க்கப்பட்டதா, எங்கே தோற்றது, ஏன் தோற்றது என்று காட்டுவது. முயன்று பார்க்கவே இல்லை என்றால், ஏன் காத்திருக்க முடியாது என்பதையாவது சொல்லியாக வேண்டும். பரவும் நோயைப் போல நேரம் கடந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு நேரும் இடங்களில் அந்த வாதம் நியாயமானதே.

மெய்ப்பிப்புச் சுமை யாருடையது என்பதையும் இங்கேயே பேசி முடித்துவிடுங்கள். உரிமை ஒன்று உண்டு என்று ஏற்கப்பட்ட பின், அதைக் கட்டுப்படுத்த விரும்புபவரே காரணம் காட்ட வேண்டும் என்பது இச்சோதனையின் அடிப்படை. 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 29-ஆம் பிரிவும், பிறர் உரிமைகளை மதிக்கச் செய்யவும் ஒரு மக்களாட்சிச் சமூகத்தின் ஒழுக்கம், பொது ஒழுங்கு, பொதுநலம் ஆகியவற்றின் நியாயமான தேவைகளுக்காகவும் மட்டுமே, அதுவும் சட்டத்தின் வழியாக மட்டுமே, உரிமைகளுக்கு வரம்பு விதிக்கலாம் என்கிறது. இவை மட்டுமே என்ற வரையறையை நினைவூட்டினால் போதும்.

விதிவிலக்கும் மாற்று வழிகளில் ஒன்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இருசக்கர வாகன ஓட்டிகள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டத்திலிருந்து தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்குப் பிரிட்டன் 1976-இல் விலக்களித்தது. பொது விதியும் நிலைத்தது, அந்த மக்களின் சமய உரிமையும் காக்கப்பட்டது. உங்கள் தலைப்பில் இப்படி ஒரு வாசல் திறக்க இடமிருக்கிறதா, திறந்தால் விதியின் நோக்கம் எந்த அளவு குலையும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். தொற்றுநோயில் விலக்குகள் பெருகினால் மற்றவர்களின் பாதுகாப்பு குறையும். தலைக்கவசத்தில் ஆபத்து பெரும்பாலும் விலக்கு பெற்றவரோடு நின்றுவிடும்.

காகிதத்தில் உள்ள சட்டமும் தெருவில் நடக்கும் சட்டமும்

அமெரிக்கா 1920-இல் மது உற்பத்தியையும் விற்பனையையும் நாடு முழுவதும் தடைசெய்து, 1933-இல் அதே அரசமைப்புத் திருத்த வழியில் தடையை நீக்கிக்கொண்டது. நோக்கத்தை யாரும் இகழவில்லை. கள்ளச் சந்தையும், அதை நடத்திய குற்றக் கும்பல்களும், கையூட்டு வாங்கிய காவலர்களும் அந்தச் சட்டத்தின் விலையாயினர். ஒரு நடவடிக்கையை முன்மொழிபவர், அதை யார் செயல்படுத்துவார், அவருக்கு எவ்வளவு அதிகாரம் கிடைக்கும், அதை யார்மேல் முதலில் பயன்படுத்துவார் என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

சொற்களின் மங்கலும் இதே வகை ஆபத்து. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, இணையத்தில் "எரிச்சல்", "இடையூறு" உண்டாக்குதல் போன்றவற்றுக்காக மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது. எது எரிச்சல் என்று யாராலும் வரையறுக்க முடியாத நிலையில், அது காவல் அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்ததாயிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுவதுமாக நீக்கியது. ஆகவே முன்மொழியப்படும் சட்டத்தின் வாசகத்தையே கையில் வைத்துக்கொண்டு வாதிடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத அரசின் கையில் இந்தச் சொற்கள் கிடைத்தால் எதற்குப் பயன்படும் என்று கேட்டுப் பார்ப்பது, எந்தப் பக்கத்தில் நிற்பவருக்கும் நேர்மையான சோதனை.

எதிர்த்தரப்பைத் தாமே சொல்லக் கற்றல்

தமிழில் தத்துவம் வாதிட்டவர்கள் பரபக்கத்தை முதலில் வைத்தார்கள். பிற மதத்தாரின் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுத்த பின்னரே சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவினார்கள். நம் இலக்கண மரபு எண்ணும் எழுவகை மதங்களிலும், அதாவது நூலாசிரியர் பிறர் கருத்தை அணுகும் ஏழு முறைகளிலும், பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல் தனி ஒன்றாக நிற்கிறது. "மேற்கொண்டு" என்ற சொல்லை ஊன்றிப் பார்க்க வேண்டும்: முதலில் ஏற்றுக்கொண்டு பேச வேண்டும், அதன்பிறகே களைய வேண்டும். இன்றைய மேடைகளில் இது அருகிவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எதிர்த்தரப்பின் வாதத்தை, அவரே "ஆம், இதைத்தான் சொல்கிறேன்" என்று தலையசைக்கும் அளவுக்கு உங்கள் வாயால் சொல்லப் பழகுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் மறுப்புக்குத்தான் எடை உண்டு.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய மற்றொரு பயிற்சி, உங்கள் கொள்கையை உங்களுக்கு ஆகாத தலைப்புக்கு மாற்றிப் பார்ப்பது. "என் உடல்மேல் எனக்கே உரிமை" என்ற வாக்கியத்தைக் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவரும் சொல்கிறார், கட்டாயத் தடுப்பூசியை எதிர்ப்பவரும் சொல்கிறார். ஒரு தலைப்பில் அதை முழங்கிவிட்டு அடுத்த தலைப்பில் அதைக் கேட்டு முகஞ்சுளிப்பவர், இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு என்று விளக்க வேண்டும். வேறுபாடு இருக்க முடியும். ஒருவர், நோய் முன்பின் அறியாதவருக்குத் தொற்றும், கருவுற்ற நிலை தொற்றாது என்பார்; மற்றொருவர், கருவும் ஓர் உயிர் என்பதே தம் அடிப்படை, ஆகவே அங்கே இரண்டாவது மனிதர் ஏற்கெனவே இருக்கிறார் என்பார்; மூன்றாமவர், ஊசி சில நொடிகளில் முடியும், ஒன்பது மாதச் சுமையை அதனோடு ஒப்பிட முடியாது என்பார். இந்த விளக்கங்களில்தான் உண்மையான வாதம் பிறக்கிறது. வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்லும்போது, "உடல் உரிமை" என்பது உங்கள் முழுக் கொள்கை இல்லை, அதற்குள் இன்னொரு கொள்கை ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியவரும். அந்த உள்கொள்கையை வெளியே எடுத்து வைத்து அதன்மேல் வாதிடுங்கள்.

"இன்று இது, நாளை எது?" என்ற வாதம்

இன்று ஒரு சிறு கட்டுப்பாட்டை ஏற்றால் நாளை பெரியவற்றுக்கும் அது வழிவிடும் என்னும் சரிவு வாதத்தை ஏளனம் செய்பவர்களும் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் பிழை. முன்பு சொன்ன ஜேக்கப்சன் தீர்ப்பு 1905-இல் வந்தது. தன்னிச்சையான, நியாயமற்ற கட்டுப்பாட்டை நீதிமன்றம் தடுக்கலாம் என்றும், உடல்நிலை காரணமாக ஒருவருக்குத் தடுப்பூசி கொடுமையாக முடியுமானால் அவரைக் கட்டாயப்படுத்துவது சரியாகாது என்றும் அத்தீர்ப்பிலேயே எச்சரிக்கைகள் இருந்தன. ஆயினும் 1927-இல், "மனவளர்ச்சி குன்றியவர்" என்று முத்திரை குத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு வர்ஜீனியா மாநிலம் கட்டாயக் கருத்தடை அறுவை செய்வதை அதே உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது, கட்டாயத் தடுப்பூசியைத் தாங்கும் கொள்கை இதையும் தாங்கும் அளவுக்கு விரிந்தது என்று ஜேக்கப்சன் தீர்ப்பையே சான்றாகக் காட்டியது. 5 டாலர் அபராதத்தை நியாயப்படுத்திய காரணம் 22 ஆண்டுகளில் ஒரு பெண்ணின் உடலை அறுப்பதற்கான காரணமாயிற்று. இந்த வழக்கைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சரிவு வாதத்தைச் சொல்ல விரும்புபவர் இதைப்போலச் சங்கிலியின் கண்ணியைக் காட்ட வேண்டும்: இன்று ஏற்கப்படும் காரணம் எந்தச் சொற்களில் ஏற்கப்படுகிறது, அதே சொற்கள் நாளை எதையும் அனுமதிக்குமா, இடையில் நிறுத்தும் எல்லை எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா? எல்லை இருக்கிறது என்றால் சரிவு வாதம் வலுவிழக்கிறது. அதனால்தான் ஒழுங்குமுறையை ஆதரிப்பவர் தம் முன்மொழிவிலேயே காலவரம்பு, மறுஆய்வு, மேல்முறையீடு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்வது வெறும் தந்திரமாக நின்றுவிடாமல், உண்மையான பாதுகாப்பும் ஆகிறது.

பிற நாட்டு எடுத்துக்காட்டுகளில் எச்சரிக்கை

ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 1996-இல் 35 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபின் அந்நாடு துப்பாக்கிச் சட்டங்களை இறுக்கி, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழித்தது. இதை எடுத்துக்காட்டும்போது, அங்கே துப்பாக்கி மரணங்கள் 1996-க்கு முன்பே குறைந்துவந்தன என்பதையும், சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அதே நடவடிக்கையை அமெரிக்காவுக்குப் பரிந்துரைப்பவர், அங்கே ஆயுதம் வைத்திருப்பது அரசமைப்பு காக்கும் தனிமனித உரிமை என்று 2008-இல் தீர்ப்பானதையும், அந்த உரிமை வரம்பற்றதன்று என்று அதே தீர்ப்பு சொன்னதையும் சேர்த்தே பேச வேண்டும். சட்டச் சூழல் மாறினால் ஒரே கொள்கை வேறு விலையில் வரும்.

அவையில் நடந்துகொள்ளும் விதம்

நீங்கள் பேசும் கட்டுப்பாட்டால் நேரடியாகப் பாதிக்கப்படுபவர் அந்த அறையிலேயே அமர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பேசுங்கள். நோயால் பிள்ளையை இழந்தவர், துப்பாக்கிச் சூட்டில் தப்பியவர், தவறான சட்டத்தால் சிறை சென்றவர் ஆகியோருக்கு இது போட்டி இல்லை. அவர்களுடைய அனுபவத்தைச் சான்றாக மதிக்கலாம். அதையே முடிவாகக் கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நயத்தைப் பழக வேண்டும்.

விவாதம் முடியும் தறுவாயில் ஒன்றைச் செய்து பாருங்கள். இருதரப்பும் ஒப்புக்கொண்டவற்றை உரக்கச் சொல்லிவிட்டு, எஞ்சிய கருத்துவேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "நோயைத் தடுக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போகிறோம், மருத்துவக் காரணமுள்ளவருக்கு விலக்கு வேண்டும் என்பதிலும் ஒத்துப்போகிறோம், தகவல் பரப்பல் ஆறு மாதத்துக்குள் பலன் தராவிட்டால் அபராதம் விதிக்கலாமா என்பதில் மட்டும் வேறுபடுகிறோம்" என்பது போன்ற ஒரு வாக்கியம். அதை எதிர்த்தரப்பிடம் காட்டி, திருத்தம் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் இருவரும் சந்திக்கும்போது அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்.